ஜேபஸ் லெல்லோவின் கல்லறைக் கல்

ஹோப்லி, ஷ்ராப்ஷயர்
14 மே 1984

திரு. கிளிஃபோர்ட் லெல்லோ அவர்களுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நேற்று வரை ஏற்படவில்லை. எங்கள் ஆயர் டெவனிஷிடம் உங்கள் விலாசத்தைக் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் தங்கை மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். நேற்று ஆராதனை முடிந்ததும் ஊன்றுகோலோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் கொள்ளுத்தாத்தா ஜேபஸ் லெல்லோ படுத்திருக்கும் இடத்தில், சமையலறை மேடைக்குப் போடுகிற மாதிரி பளபளவென்று ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. அதில் தங்க எழுத்து. "ஜேபஸ் லெல்லோ, வண்டித் தச்சர், 1838–1909. அவர் மனைவி ஹன்னா."

எந்த ஹன்னா? என் கொள்ளுப்பாட்டியின் பெயர் சூசன்னா. பழைய கல்லில் அப்படித்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய பனியில் அந்தக் கல் வெடித்துக் கீழ்ப்பாதி பொடிந்துவிட்டது. கல்தச்சருக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்தேன். அதற்குள் யாரோ ஒருவர் வந்து என் குடும்பக் கல்லறையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆயரைக் கேட்டேன். "அவர் கொள்ளுப்பேரன்னு எழுதியிருந்தார் மிஸ் லெல்லோ. ஆதாரமெல்லாம் அனுப்பியிருந்தார். நீங்க ஊர்ல இல்ல" என்றார்.

"ஊர்ல இல்லன்னா செத்துட்டேன்னு அர்த்தமா?" என்று கேட்டேன்.

அந்தக் கல்லை உடனே எடுக்க வேண்டும். இல்லையென்றால் திருச்சபை நீதிமன்றத்தில் மனுப் போடுவேன்.

இப்படிக்கு,
மியூரியல் லெல்லோ

*

கிராட்லி ஹீத்
19 மே 1984

மிஸ் லெல்லோ அவர்களுக்கு,

கல் நிற்கிற இடத்திலேயே நிற்கும்.

நான் சங்கிலிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யார் வீட்டுக் கல்லறையிலும் விளையாட்டுக்குப் பெயர் செதுக்குகிற ஆள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து, கண் எரிய எரிய, பழைய மக்கள்தொகைக் கணக்குகளைப் படச்சுருளில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஆதாரம் இது. பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், படியுங்கள்.

1838-இல் உங்கள் ஹோப்லி தேவாலயத்தில் ஜேபஸுக்கு ஞானஸ்நானம். தகப்பன் தாமஸ். 1859-இல் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் ஜேபஸுக்கும் ஹன்னா ட்ரோமன்ஸுக்கும் கல்யாணம். மாப்பிள்ளையின் ஊர் ஹோப்லி, தொழில் வண்டித் தச்சு, தகப்பன் பெயர் தாமஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பெண்ணின் தொழில் ஆணி அடிப்பது. 1861 கணக்கில் இருவரும் எங்கள் ஊரில் ஒரே வீட்டில், ஒரு கைக்குழந்தையோடு இருக்கிறார்கள்.

எந்த ஹன்னா என்று கேட்டீர்கள். இந்த ஹன்னாதான். என் கொள்ளுப்பாட்டி.

சூசன்னா யாரென்று எனக்கும் தெரியும். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் திறக்க வைக்காதீர்கள்.

சி. லெல்லோ

*

ஹோப்லி
2 ஜூன் 1984

திரு. லெல்லோ அவர்களுக்கு,

மிரட்டுகிறீர்களா? இந்த ஊர்த் தபால் நிலையத்தை முப்பது வருடம் நடத்தியவள் நான். உங்களைவிட முரடர்களெல்லாம் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியிருக்கிறார்கள்.

நீங்கள் பார்த்ததெல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆள் தப்பு. ஹோப்லியில் அந்தக் காலத்தில் லெல்லோ வீடு இரண்டு. மேல் வீடு, கீழ் வீடு என்பார்கள். இரண்டிலும் ஒரு தாமஸ் இருந்தார், இரண்டு தாமஸுக்கும் ஒரு ஜேபஸ் பிறந்தான். ஒரு வயது முன்னே பின்னே. என் தாத்தா ஆல்பர்ட் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் ஜேபஸ் மேல் வீடு. பிழைப்புத் தேடி உங்கள் ஊர்ப் பக்கம் வந்து ஆணி அடிக்கிற பெண்ணைக் கட்டியவன் கீழ் வீட்டு ஜேபஸாகத்தான் இருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கடிதம் வீடு மாறிப் போகும். அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நீங்கள் வீடு மாறி வந்த கடிதம், ஐயா. உங்களைச் சரியான வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் வாசலில் கல் நட வேண்டாம்.

என் கொள்ளுத்தாத்தா இந்தச் சபையில் மூப்பராக இருந்தவர். அவர் செய்த பிரசங்க மேடைப் படிக்கட்டில்தான் இன்றைக்கும் ஆயர் ஏறுகிறார். அப்படிப்பட்டவரைப் பற்றி "வாயைத் திறக்க வைக்காதீர்கள்" என்று எழுதுகிற உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

நீதிமன்ற மனுவுக்கான தாள்கள் வந்துவிட்டன.

மியூரியல் லெல்லோ

*

கிராட்லி ஹீத்
8 ஜூன் 1984

மிஸ் லெல்லோ அவர்களுக்கு,

மனுப் போடுங்கள். நானும் வருகிறேன். அங்கே சொல்லப்போவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1866 வாக்கில் ஜேபஸ் வேலைக்குப் போவதாகச் சொல்லி வீட்டை விட்டுக் கிளம்பினான். திரும்பி வரவே இல்லை. 1871 கணக்கில் ஹன்னா ஒரு வாடகை அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். "விதவை" என்று எழுதியிருக்கிறது. தொழில் ஆணி அடிப்பது. அவளுடைய பத்து வயது மகளுக்கும் அதே தொழில்தான் போட்டிருக்கிறது. பட்டறைச் சூட்டில் நின்று பெண்கள் எப்படி ஆணி அடித்தார்கள் என்று எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். 1881-இல் அவளை ஏழை விடுதியில் பார்க்கிறேன். அங்கேயும் "விதவை". மூன்று வருடம் கழித்து அங்கேயே செத்தாள். ஏழைகளைப் போடுகிற குழியில் போட்டார்கள். எந்த இடமென்று கேட்டால் அந்தப் பக்கம் முழுவதையும் கை காட்டுகிறார்கள்.

அவள் விதவையாக இருந்த காலம் முழுவதும் புருஷன் முப்பது மைலுக்கு அப்பால் உயிரோடு இருந்தான். பிரசங்க மேடைக்குப் படி செய்துகொண்டிருந்தான்.

1868-இல் உங்கள் ஊர்க் கோயிலில் ஜேபஸுக்கும் சூசன்னாவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை "மணமாகாதவர்". மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்டிருப்பார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மேல் வீடு, கீழ் வீடு என்று எழுதினீர்களே, மேல் வீட்டு ஜேபஸுக்கு ரூபன் என்று ஒரு தம்பி இருந்தது தெரியுமா? அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சி ரூபன். 1859-இல் எங்கள் ஊரில் ஹன்னாவின் கல்யாணத்துக்கும் சாட்சி அதே ரூபன்தான். இரண்டு பதிவுகளிலும் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக அவன் போட்ட கீறல் இருக்கிறது. அண்ணனின் இரண்டு கல்யாணத்துக்கும் நின்று சாப்பிட்டிருக்கிறான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கல் வைத்தேன். பெயர் செதுக்கிய ஆள் கேட்டான், "இந்தம்மாவும் இங்கதான் இருக்காங்களா?" "இல்ல. இருந்திருக்க வேண்டியவ" என்றேன். சூசன்னாவின் பெயரையும் தெரிந்தேதான் விட்டேன். சட்டப்படி அவள் அவனுக்கு மனைவி இல்லை.

கேட்டுவிட்டீர்கள். இப்போது மனுவில் எழுதிக்கொள்ளுங்கள்.

சி. லெல்லோ

*

ஹோப்லி
30 ஜூன் 1984

திரு. லெல்லோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று இரண்டு தடவை அடுப்பில் போடப் போனேன். பிறகு உங்களைப் பொய்யராக்கியே தீருவது என்று ஷ்ரூஸ்பரிக்குப் பேருந்து ஏறினேன். எங்கள் பழைய பதிவேடுகளெல்லாம் இப்போது அங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊன்றுகோலை நாற்காலியில் மாட்டிவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன். கீழ் வீட்டு ஜேபஸின் ஞானஸ்நானம் கிடைத்தது. அவனுக்கு எங்கேயாவது ஒரு கல்யாணம் கிடைத்தால் போதும், உங்கள் முகத்தில் எறியலாம் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

கல்யாணம் இல்லை. அடக்கம்தான் கிடைத்தது. "ஜேபஸ் லெல்லோ, வயது நான்கு."

ஆக, வளர்ந்து ஆளான ஜேபஸ் ஒருவன்தான். இதை உங்களுக்கு எழுதாமலே விட்டிருக்கலாம். மனுப் போடவில்லை என்று ஒரு வரியோடு முடித்திருக்கலாம். என் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம் எனக்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றே எழுதுகிறேன். போன ஞாயிறு அந்தப் பிரசங்க மேடைப் படியைப் பார்க்கப் பிடிக்காமல் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சூசன்னாவுக்குத் தெரிந்திருந்ததா? தெரியாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. தெரியும் என்று உங்களாலும் முடியாது. ஓலை வாசித்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தது ரூபனும் ஜேபஸும். அவள் ஏழு பிள்ளை பெற்று மூன்றைப் புதைத்தவள். அவளுடைய பெயர் அந்தக் கல்லில் எழுபது வருடத்துக்கு மேல் இருந்தது. பனி உடைத்தது. நீங்கள் அதைச் சாக்காக வைத்து எடுத்துவிட்டீர்கள். ஹன்னா என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்பது போல ஜேபஸ் நடந்துகொண்டான் என்று கொதிக்கிறீர்கள். நீங்கள் சூசன்னாவுக்குச் செய்தது என்ன? தெரிந்தே விட்டேன் என்று பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் அவனுடைய கொள்ளுப்பேரன் என்பதற்கு வேறு ஆதாரமே வேண்டாம்.

மியூரியல் லெல்லோ

*

கிராட்லி ஹீத்
9 ஜூலை 1984

மிஸ் லெல்லோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி ஐவி எனக்கு முன்னால் படித்துவிட்டாள். நான் வந்ததும், "அந்தம்மா சொல்றது சரிதானே?" என்றாள்.

"நீ யார் பக்கம்?"

"நான் பொம்பளைங்க பக்கம். சரி, ஒண்ணு கேக்குறேன். ஹன்னாவை எதுக்கு அந்த ஆளு பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தின? விட்டுட்டு ஓடினவன் பக்கத்துல பேரு இருக்கணும்னு அவ கேட்டாளா?"

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் பேசவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

சூசன்னா விஷயத்தில் நீங்கள் எழுதியது உறைத்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

ஆனால் என் கோபம் வீண் கோபம் என்று நினைக்காதீர்கள். என் தாத்தா ஏனோக், ஹன்னாவின் மகன். அவரும் சங்கிலிப் பட்டறைதான். அம்மாவை ஏழை விடுதிக்காரர்கள் கூட்டிப்போன அன்று அவர் உலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பதினாறு வயது. வீட்டுக்கு வந்தால் அறை காலி. அவருக்கு ஒரு அக்கா உண்டு. 1871 கணக்கில் ஆணி அடிப்பதாக எழுதியிருக்கிற அந்தப் பெண்தான், கெசையா. அம்மா விடுதிக்குப் போவதற்கு முந்திய வருடமே எங்கேயோ நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். விலாசம் அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கோ விடுதியில் புத்தி பேதலித்துவிட்டது. தாத்தா கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். "போய்ட்டா, போய்ட்டா" என்பதைத் தவிர வேறு பதில் இல்லையாம்.

தாத்தா சாகிற வரைக்கும் அக்கா செத்துவிட்டாள் என்றே நம்பினார். நானும் எங்கள் ஜில்லா முழுக்க அடக்கப் பதிவுகளைப் பார்த்துவிட்டேன். கெசையா லெல்லோ என்ற பெயரே இல்லை.

சி. லெல்லோ

*

ஹோப்லி
21 ஜூலை 1984

அன்புள்ள திரு. லெல்லோ,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் கெசையா என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒருத்தி நினைவுக்கு வந்தாள். இருந்தாலும் நினைவை மட்டும் நம்பி எழுதக் கூடாது என்று மறுபடி ஷ்ரூஸ்பரிக்குப் போய் 1881 கணக்கைக் கேட்டு வாங்கினேன். எங்கள் வீடு. ஜேபஸ் லெல்லோ, குடும்பத் தலைவர். சூசன்னா, மனைவி. அவர்கள் பிள்ளைகள் நால்வர். அதில் ஒன்பது வயது ஆல்பர்ட் என் தாத்தா. கடைசி வரியில்: "கெசையா ட்ரோமன்ஸ், வேலைக்காரி, வயது 20, பிறந்த ஊர் கிராட்லி ஹீத்."

ஹன்னாவின் தகப்பன் வீட்டுப் பெயர் ட்ரோமன்ஸ் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். லெல்லோ என்று தேடினால் எப்படிக் கிடைப்பாள்? பெற்ற தகப்பன் அவளுடைய பெயரை உருவிக்கொண்டு, அம்மா வீட்டுப் பெயரைச் சூட்டித் தன் வீட்டில் வேலைக்காரியாக எழுதிக் கொடுத்திருக்கிறான். கணக்கெடுக்க வந்தவரிடம் வாசலில் நின்றுகொண்டு வாய் கூசாமல் சொல்லியிருப்பான்.

அவளை எனக்குத் தெரியும், திரு. லெல்லோ. கெசி என்று கூப்பிடுவோம். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போதுதான் இறந்தாள். உயரமான கிழவி. தீய்ந்த தழும்புகள் கை முழுக்க. அடுப்பில் சுட்டுக்கொண்டதாக்கும் என்று நினைத்திருந்தேன். ஆணிப் பட்டறைத் தழும்பு என்று இப்போதுதான் தெரிகிறது. எல்லோரும் கூடத்தில் சாப்பிடுவோம். அவள் பின்கட்டு அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். என் தாத்தாவை எட்டு வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்தவள், அவருக்கு ஐம்பது வயதான பிறகும் "சின்ன ஐயா" என்றுதான் கூப்பிட்டாள். "சின்ன ஐயாவுக்கு டீ ஆறிடப் போகுது, எடுத்துட்டு ஓடு கண்ணு" என்று என்னிடம் தட்டைக் கொடுப்பாள். அவர் அவளுக்குத் தம்பி. தகப்பன் போனபோது அவளுக்கு ஆறு வயது. முகம் மறக்கிற வயதில்லை. அவனையும் "ஐயா" என்றுதான் கூப்பிட்டிருப்பாள். அவன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஹன்னாதான் அனுப்பினாளோ என்னவோ, அதை எந்தப் பதிவும் சொல்லாது.

சூசன்னாவுக்காக உங்களோடு அவ்வளவு வாதாடினேனே. கெசியோடு ஒரே அடுப்படியில் முப்பது வருடம் நின்றவளுக்கு ஒன்றுமே தெரியாமலா இருந்திருக்கும்? இனி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

1931 அடக்கப் பதிவு இங்கே கோயில் பெட்டகத்திலேயே இருக்கிறது. வடக்குச் சுவரோரம் புதைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் தாத்தாவிடம், "கெசிக்குக் கல்லு வைக்கலையா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. "வேலைக்காரிக்கு எதுக்கும்மா கல்லு?" என்றார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது அவர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன்.

மியூரியல்

*

கிராட்லி ஹீத்
25 ஜூலை 1984

அன்புள்ள மிஸ் லெல்லோ,

ஏனோக் தாத்தா செத்தது 1938-இல். அக்கா செத்தது 1931-இல். அத்தனை வருடமும் இரண்டு பேரும் உயிரோடு, முப்பது மைல் இடைவெளியில் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியிருக்கலாம். "எங்க அக்கா தலை பின்னி விடுவா, இழுக்கவே இழுக்காது" என்று அவர் சொல்லுவார். தலை பின்னுகிற அளவுக்குச் சின்ன வயதில் அவருக்கு முடி இருந்ததா என்று நாங்கள் கேலி செய்வோம்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். அந்தக் கறுப்புக் கல்லைப் பெயர்க்கக் கடப்பாரை எடுத்து வைத்திருந்தேன். ஐவி பிடுங்கிவிட்டாள்.

கிளிஃபோர்ட் லெல்லோ

*

ஹோப்லி
20 ஆகஸ்ட் 1984

அன்புள்ள கிளிஃபோர்ட்,

நீங்கள் பேருந்து ஏறிப் போனபோது நமக்குள் ஒரு விஷயம் பாக்கி நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ஆயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சுவரோரம் காஞ்சொறிச் செடிக்குள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நீங்கள் நின்றதை அவரும் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். மனம் இளகியிருக்கும் என்று நினைத்துப் போனேன். நாம் பேசிவைத்தபடி ஜேபஸ் கல்லிலிருந்து ஹன்னாவை எடுத்துவிட்டுச் சூசன்னாவைப் போடுவதற்கு உடனே சம்மதித்துவிட்டார். "சரியான பேர் வந்தா சரி" என்றார். எது சரியான பெயர் என்று இந்த ஆளுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. வேண்டுமென்று வந்த சூசன்னாவே அவனை வைத்துக்கொள்ளட்டும்.

கெசையாவுக்குக் கல் என்றதும், "தாராளமா வைங்க. உண்மையுள்ள ஊழியக்காரின்னு ஒரு வரி போட்டா அழகா இருக்கும்" என்றார்.

"மகள்னு போடணும்" என்றேன்.

"அது கொஞ்சம் தர்மசங்கடம் மிஸ் லெல்லோ. ஊர்ல மதிப்பா இருந்த மனுஷர். படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன நடந்ததோ அதை நினைப்பாங்க."

"ஆதாரம் வேணுமே."

நீங்கள் விட்டுப்போன கெசையாவின் ஞானஸ்நானப் பதிவுப் பிரதியை மேசைமேல் வைத்தேன். தகப்பன் ஜேபஸ், தாய் ஹன்னா. ஒரு கொள்ளுப்பேரன் கடிதம் போட்ட மாத்திரத்தில் யாரையும் கேட்காமல் கல் வைக்க விட்ட ஆயர், அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்கள் கல்லுக்கு எதிராகப் போட வைத்திருந்த அதே மனுத் தாள்களை இதற்காகப் போடுவேன் என்றேன். பிறகுதான் இறங்கி வந்தார்.

இனி நம் சண்டை. கெசையாவின் கல்லில் தாய் ஹன்னாவின் பெயர் மட்டும் போதும், ஜேபஸின் பெயர் வரவே கூடாது என்று பேருந்துப் படியில் நின்று கத்தினீர்கள். ஓட்டுநர் சிரித்தார். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயரை விட்டுவிடுவது அவனுக்குத் தண்டனை என்று நினைக்கிறீர்களா? அவன் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டதே அதுதானே? இவள் என் மகள் இல்லை, நான் இவளுக்கு ஒன்றும் இல்லை என்பதுதானே அவன் கணக்கில் எழுதிக் கொடுத்தது? இத்தனை வருடம் கழித்து நாமும் அதற்கு ஒத்து ஊதுவதா? அவன் செய்யாததை அவன் பெயர் செய்யட்டும். ஜேபஸ் லெல்லோவின் மகள் என்று அதே தோட்டத்தில் கல்லில் நிற்கட்டும்.

ஐவியைக் கேட்டுப் பதில் எழுதுங்கள்.

மியூரியல்

*

கிராட்லி ஹீத்
27 ஆகஸ்ட் 1984

அன்புள்ள மியூரியல்,

ஐவி உங்கள் பக்கம். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "அந்த ஆளை ஒளிய விடாத" என்றாள்.

எனக்கு இன்னமும் பிடிக்கத்தான் இல்லை. ஆனால் எழுதிக்கொள்ளுங்கள்: "கெசையா லெல்லோ. ஜேபஸுக்கும் ஹன்னாவுக்கும் மகள். ஏனோக்கின் அக்கா." கடைசி வரியை யாருக்காகவும் எடுக்க விடாதீர்கள். ட்ரோமன்ஸ் என்பது எங்கேயும் வரக் கூடாது. கறுப்புக் கல் வேண்டாம். உங்கள் ஊர்க் கல்லே போதும்.

கல்லை நிறுத்துகிற அன்று கட்டாயம் வருவேன்.

கிளிஃபோர்ட்

*

ஹோப்லி
5 நவம்பர் 1984

அன்புள்ள கிளிஃபோர்ட்,

ஐவிக்கு நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? நீங்கள் அவளை விட்டுவிட்டு வராததுதான் சரி. வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். கல் சனிக்கிழமை நின்றுவிட்டது. படம் எடுத்திருக்கிறேன், கழுவி வந்ததும் அனுப்புகிறேன். நீங்கள் சொன்ன வரிகள் அப்படியே இருக்கின்றன. நீங்கள் பார்க்காத நேற்றைய கதையை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

நேற்று இறந்தோரை நினைவுகூரும் ஆராதனை. ஆயர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். கெசையாவின் பெயரை நான் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தேன், கல்லில் இருக்கிற மாதிரியே. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "லெல்லோ குடும்பத்தாருக்கு ஐம்பது ஆண்டுகள் உண்மையாய் ஊழியம் செய்த கெசையா" என்று வாசித்தார்.

இந்தக் கோயிலில் பாட்டுப் பாடுவதற்கல்லாமல் நான் வாயைத் திறந்ததில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"தப்பா வாசிக்கிறீங்க ஆயரே" என்றேன்.

அத்தனை தலையும் திரும்பின. அவர் முகம் சிவந்துவிட்டது. தணிந்த குரலில், "மிஸ் லெல்லோ, ஆராதனை நடந்துட்டிருக்கு" என்றார்.

"தெரியும். அதனாலதான் எழுந்தேன். முன்ன ஒரு தடவை இதே இடத்துல மூணு ஞாயிறு கேட்டாங்க, ஒருத்தரும் எழுந்திருக்கல. அவ எங்க வீட்டு வேலைக்காரி இல்ல. எங்க வீட்டுப் பொண்ணு. நான் எழுதிக் கொடுத்ததை வாசிங்க."

யாரோ இருமினார்கள். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் உட்காரவில்லை. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது, அப்படியும் உட்காரவில்லை. கடைசியில் வாசித்தார். "கெசையா லெல்லோ. ஜேபஸுக்கும் ஹன்னாவுக்கும் மகள். ஏனோக்கின் அக்கா." அழுத்தம் திருத்தமாகத்தான் வாசித்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

வெளியே வந்தபோது இரண்டு பேர் என்னைப் பார்க்காதது போல் விலகிப் போனார்கள். மேட்டுப் பண்ணை மிஸஸ் பஃப்டன் மட்டும் வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். என்னைவிட மூத்தவள், எதற்கும் அசராதவள். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"மியூரியல், எங்க வீட்டுலயும் ஒருத்தி இருந்தா" என்றாள். "பால்காரின்னு சொல்லுவாங்க. எங்க அப்பா மூக்கு மாதிரியே அவ மூக்கு. நான் கேட்டா அம்மா பேச்சை மாத்திடுவாங்க. ஷ்ரூஸ்பரிக்கு அடுத்த தடவை போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

புதன்கிழமை போகிறோம்.

மியூரியல்